அரிப்பு மதிப்பெண்

பிப்ரவரி 3, திங்கட்கிழமை, காலை 9.15

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும், எங்களோடு இருக்கும் மகளும் பேத்தியும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும், உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எந்த அளவில் இருக்கிறது என்பதையும் எழுது. தங்கையிடம் நேரில் கேட்டால் எதற்கும் "பரவாயில்லைண்ணா" என்றுதான் பதில் வரும்.

ஜனவரி 24 என்று நீ தேதியிட்ட கடிதம் 31ஆம் தேதி பிற்பகல் கிடைத்தது. உறையின் மேலுள்ள முத்திரை 27 என்கிறது. எழுதிய கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். போகட்டும்.

உங்கள் தோல் ஆய்வுக்கூடத்தின் சோதனையில் சேர எனக்குச் சம்மதம். நீ கேட்ட விவரங்கள்: குடிநீர் நிலையத்தில் குளோரின் கலக்கும் கூடத்தில் நான் பணியில் சேர்ந்தது இருபத்தாறாம் வயதில், ஜூன் 2 அன்று. முதல் அரிப்பு அதே ஆண்டு அக்டோபர் 19. இரண்டு முன்கைகளிலும் ஒரே வாரத்தில் தொடங்கியது. முப்பத்தோர் ஆண்டுப் பணியில் ஒரு சொட்டு நீரையும் குளோரின் சேர்க்காமல் நான் ஊருக்குள் விட்டதில்லை. அந்த முப்பத்தோர் ஆண்டில் அரிப்பும் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. நாளொன்றுக்குப் பதினான்கு முறை கார்பாலிக் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கை கழுவுகிறேன்.

நேற்று வாசல் மணி அடித்தபோது மகள், "அப்பா, ஒரு நிமிஷம் இவளைப் பிடிங்களேன், யாருன்னு பாத்துட்டு வர்றேன்" என்றாள். நானே போய்க் கதவைத் திறந்தேன். குழந்தைக்கு இன்றுடன் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கண்ணு, நான் அத்தை. போன் பண்ணி ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். "பேச்சுக்குத் தேதி கிடையாது"ங்கிறார். நீயே பாத்துக்கோ.

பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். அம்மாவின் முழங்கால் உண்மையிலேயே பரவாயில்லை. இந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைக்கவே இல்லை. முத்திரையைப் பாருங்கள்.

உங்கள் பெட்டி கூரியரில் தனியாக வரும். அதற்குள் இரண்டு புட்டிகள் இருக்கும். ஒன்றில் "இடது" என்றும் மற்றதில் "வலது" என்றும் ஒட்டியிருக்கும். ஒன்றில் வெறும் லோஷன். மற்றதில் அதே லோஷனோடு, ஆரோக்கியமான ஒருவரின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன. எது எதில் என்று எனக்கே தெரியாது. அதைக் குறித்த உறையைப் பூட்டி வைத்திருக்கும் எங்கள் டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. தோல் என்பது காலி மனை இல்லை, மாமா. அது நெருக்கமான குடியிருப்பு. எத்தனையோ வகை நுண்ணுயிர்கள் அங்கே சண்டையில்லாமல் வாழ்கின்றன. உங்களுக்கு இருப்பது போன்ற ஒவ்வாமைத் தோலில் அந்த வகைகள் குறைந்துபோகும். பொன்னிறமாய் வளரும் ஒரு கிருமி மட்டும் இடம் பிடித்துக்கொண்டு அரிப்பை மேலும் கிளறும். அதை அடக்கி வைக்கிற சரக்கு, அங்கே காலங்காலமாய்க் குடியிருக்கும் சாதுக்களிடம் இருக்கிறது. கடுமையான சோப்பு போட்டால் சாதுக்களும் சேர்ந்து கிளம்பிவிடுவார்கள். முதலில் திரும்பி வருகிறவர் நல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சாதுக்களை மறுபடி குடியேற்றினால் அரிப்பு தணியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. பதில் இன்னும் தெரியாது.

விதிகள் தனித்தாளில் உள்ளன, மொத்தம் பதினான்கு. புட்டிகள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். முன்கைகளுக்குக் கார்பாலிக் சோப்பு கூடாது. தினமும் மாலை இரண்டு கைக்கும் தனித்தனியே அரிப்பு மதிப்பெண், பூஜ்யத்திலிருந்து பத்துவரை.

ஒரு விஷயம். முன்பெல்லாம் உங்கள் பேத்தி பூசணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவீர்கள். இந்த முறை ஒரே ஒரு வரி, அதுவும் வயது மட்டும். அவளோடு ஏதாவது தகராறா?

அன்புடன்,
உங்கள் மருமகள்

மார்ச் 1, சனிக்கிழமை, காலை 8.40

அன்புள்ள மருமகளுக்கு,

அனைவரும் நலம். உன் அம்மாவின் முழங்காலைப் பற்றி அறிந்து மகிழ்ச்சி. முத்திரை சரியாக இருந்தது. பாராட்டுகிறேன்.

பெட்டி பிப்ரவரி 24, முற்பகல் 11.20க்கு வந்தது. பனிப்பை இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. அன்றே வேண்டிய ஏற்பாடுகளை முடித்து, மறுநாள் 25ஆம் தேதி காலை 7.00 மணிக்குச் சோதனையைத் தொடங்கினேன். நீ அனுப்பிய குறிப்பேட்டில் கட்டங்கள் ஒரே அகலத்தில் இல்லை. ஆகவே தனிக் குறிப்பேட்டில் நானே கோடு போட்டுக்கொண்டேன். இதுவரை நான்கு மாலைகளிலும் இடது 7, வலது 7.

குளிர்பெட்டியின் நடுத்தட்டு முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் வேறு எவரும் எதையும் வைக்கலாகாது என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

குழந்தையோடு தகராறு எதுவும் இல்லை. நலமாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கண்ணு, அந்த அட்டையில என் பேரு போட்டு, அடியில கோடு வேற இழுத்திருக்கார். பழத்தை எல்லாம் சமையல் மேடையில வச்சிருக்கேன். தகராறு இல்லையாம். மூணு மாசமா பூசணியைத் தூக்கவே இல்லை. உருண்டு கால்கிட்ட வந்தா செய்தித்தாளை எடுத்து விரிச்சுக்கறார். "தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா"ன்னு குழந்தை பேசற மாதிரி உன் மச்சினி கேலி பண்றா. கேலிதான். ஆனா அவ கண்ணைப் பாத்தா அப்படித் தெரியலை.

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நலம், நலமறிய ஆவல். நீங்கள் அனுப்பிய குறிப்பேட்டு நகலை டாக்டரம்மா சுவரில் மாட்டிவிட்டார். "இப்படி ஒருத்தர் கிடைச்சா போதும், மத்தவங்களைக் கட்டி மேய்க்கிற வேலையே இல்லை" என்கிறார். மற்றவர்கள் எல்லாம் "பரவாயில்லை", "நேற்று மறந்துவிட்டேன்" என்று எழுதி அனுப்புகிறார்கள், மாமா.

இருபத்தெட்டு நாள் முடிந்ததும் இரண்டு முன்கைகளிலும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து, அவற்றுக்குரிய குழாய்களில் போட்டு அனுப்புங்கள். முதலில் தொடங்கியவர் நீங்கள் என்பதால் முதல் முடிவும் உங்களுடையதுதான்.

அத்தை, பூசணி விஷயத்தில் மாமாவை நெருக்க வேண்டாம். நேரம் வரும்போது அவரே எழுதுவார்.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 29, சனிக்கிழமை, காலை 10.05

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். இந்தப் பருவத்தில் உனக்கு வழக்கமாக வரும் தும்மல் இவ்வாண்டு எப்படி?

இருபத்தெட்டாம் நாள் மார்ச் 24 அன்று நிறைவுற்றது. மறுநாள் காலை பஞ்சுக்குச்சிகளை உன் விதிப்படி தேய்த்து அனுப்பிவிட்டேன். மதிப்பெண்கள் தொடக்கத்தில் 7, 7. கடைசி வாரத்தில் 6, 6. அந்த ஒரு மதிப்பெண் குறைந்தது கார்பாலிக் சோப்பை நிறுத்தியதால் இருக்கலாம். இரு கைகளுக்கும் இடையே எந்த வேறுபாடும் தென்படவில்லை.

விதிகள் பதினான்குக்கும் முரணாக நான் எதையும் செய்யவில்லை. விதிகளில் சொல்லப்படாத முன்னெச்சரிக்கை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது விரிவாக எழுதத்தக்கதன்று.

இப்படிக்கு,
உன் மாமா

ஏப்ரல் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். தும்மல் இல்லை. வேறு ஒரு கவலை.

உங்கள் இரண்டு குழாய்களையும் சோதித்தோம். இரு கைகளிலும் அந்தப் பழைய பொன்னிறக்காரர்தான் இருக்கிறார். நாங்கள் குடியேற்ற அனுப்பியவர்களில் ஒருவர்கூட இல்லை. உயிருள்ள புட்டி எந்தக் கைக்குப் போயிருந்தாலும், அந்தக் கையில் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும்.

இங்கே மிச்சம் வைத்திருந்த புட்டியில் அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனவே போகிற வழியில் இறந்துவிட்டார்கள் என்று டாக்டரம்மா நினைக்கிறார். பனிப்பை வைத்துப் பெட்டி கட்டியது நான். உங்களுக்கு அனுப்பிய அதே நாளில் இன்னும் பதினோரு பேருக்கும் நானே கட்டி அனுப்பினேன். அவர்கள் நாள் தவறவிட்டு மறுபடி மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுவதால், ஒருவருடைய பஞ்சுக்குச்சியும் இன்னும் வரவில்லை. அந்தப் பதினோரு பேரையும் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்கலாம் என்று பேச்சு. என் எட்டு மாத வேலை, மாமா. மே மாதம் 23ஆம் தேதி முடிவெடுக்கிறார்கள்.

உங்களைப் போல ஒழுங்காகக் குறிப்பெழுதுகிறவர் வேறு யாரும் இல்லை. அதனால் உங்களைத்தான் கேட்கிறேன். பெட்டி வெயிலில் இருந்ததா? மின்சாரம் நின்று குளிர்பெட்டி அணைந்திருந்ததா? பனிப்பை குளிர்ச்சியாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். உறுதிதானா? அந்த முன்னெச்சரிக்கை என்ன?

அன்புடன்,
மருமகள்

மே 9

கண்ணு,

அத்தை எழுதறேன். எல்லாரும் சௌக்கியம். பூசணி நிக்கப் பாக்கறா, தொப்புனு விழறா, சிரிக்கறா. நீ உடம்பைப் பாத்துக்கோ.

உன் கடிதம் வந்த நாள்லேருந்து உங்க மாமா மேஜையை விட்டு எழுந்திருக்கலை. நாலு தடவை எழுதிக் கிழிச்சாச்சு. குப்பைத் தொட்டியிலேருந்து எடுத்துப் பாத்தேன். நாலுலயும் தேதி மட்டும் சரியா இருக்கு.

அன்னைக்கு அவர் என் பால் பாத்திரத்தை எடுத்தப்பவே "எதுக்குங்க இது?"ன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. என் தப்பு. மீதியை நான் சொல்ல மாட்டேன். அவர் வாயால, இல்லை, அவர் பேனாவால வரணும். நாப்பத்தி மூணு வருஷமா பாக்கறேன். இந்த மனுஷன் பொய் சொன்னதே இல்லை. ஆனா சொல்லாம விடறதுல பலே ஆளு.

இன்னைக்குச் சாப்பிடறப்ப சொன்னேன், "அந்தப் பொண்ணு எட்டு மாசம் உழைச்சிருக்கா. உங்க மானம் பெருசா, அவ வேலை பெருசா?"ன்னு. தட்டைத் தள்ளி வச்சிட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் பொறு. வரலைன்னா நான் போன் பண்றேன், தேதி இல்லாமலே.

அத்தை

மே 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30

அன்புள்ள மருமகளுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இன்று இல்லை. ஆயினும் உன் நலத்தை விரும்புகிறேன்.

பெட்டி வெயிலில் இருக்கவில்லை. மின்சாரம் நிற்கவில்லை. பனிப்பை குளிர்ச்சியாகவே இருந்தது. நீ கட்டிய பெட்டியில் ஒரு குறையும் இல்லை. இதை உன் டாக்டரம்மாவிடம் இக்கடிதத்தோடு காட்டு.

பிப்ரவரி 24, பிற்பகல் 2.10 மணிக்கு, இரண்டு புட்டிகளையும் உன் அத்தையின் பால் பாத்திரத்தில் இட்டு, நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். ஆறிய பின் குலுக்கினேன். நிறம் மாறவில்லை.

அறியாமல் செய்ததாகச் சொல்லித் தப்ப மாட்டேன். உயிருள்ளவை என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். அவற்றை எவ்வாறு கொல்வது என்பதைத் தவிர வேறொன்றும் கற்காதவன் நான். லோஷனில் உள்ள மற்றப் பொருள்களே எனக்குப் போதும், அந்த உயிர்கள் இவ்வீட்டுக்குள் வர வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிறகு இருபத்தெட்டு நாள் கோடு போட்டு, இறந்தவற்றுக்கு மதிப்பெண் எழுதினேன்.

காரணத்தையும் எழுதியாக வேண்டும். குழந்தை பிறந்தது முதல் நாள்தோறும் மாலை அரைமணி நேரம் அவளை நான்தான் வைத்திருப்பேன். கடைசியாக நவம்பர் 30. அடுத்த மூன்று நாளும் எனக்குச் சளி என்பதால் தள்ளி இருந்தேன். டிசம்பர் 4 அன்று அவளுடைய இரு கன்னங்களிலும் சிவந்த திட்டுகள் கண்டன. கன்னத்தை மகளின் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். என் கைகளில் உள்ளதே அவள் கன்னத்துக்குப் போயிற்று என்று எனக்கு ஐயமே இல்லை. அன்றிலிருந்து பதினான்கு முறை கழுவியும் அவளைத் தொடும் துணிவு வரவில்லை. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால், "அப்பா, நீங்கதானா" என்று ஒரு பார்வை பார்ப்பாளோ என்ற பயம். நான் தூக்கி இன்றுடன் 162 நாட்கள். இந்நிலையில் இன்னும் ஒரு கூட்டம் நுண்ணுயிர்களை நானே இவ்வீட்டுக்குள் வரவேற்பதா?

பதினோரு பேருக்கும் உனக்கும் இழைத்தது பெரும் பிழை. மே 23க்கு முன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாமா

மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறது. ஆகவே நலமா? இங்கே எல்லாரும் நலம், பதினோரு பேர் உட்பட. உங்கள் கடிதம் 14ஆம் தேதி வந்தது. அன்றே அவர்களில் இருவருடைய பஞ்சுக்குச்சிகளும் வந்தன. இரண்டிலும் நம்முடைய சாதுக்கள் சௌக்கியமாகக் குடியிருக்கிறார்கள். சோதனை நிற்காது.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு மாதம் நான் என் கைகளையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். இதை எழுதாமல் விட்டால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன். எழுதிவிட்டேன், முடிந்தது.

டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பத்து நிமிஷமா? பாவம், அதுங்க முதல் நிமிஷத்துலயே போயிருக்குமே!" என்றார். விதித்தாளில் பதினைந்தாவது விதி சேர்ந்திருக்கிறது: "புட்டிகளைக் கொதிக்க வைக்கக் கூடாது." அதைப் படிக்கிறவர்கள் எல்லாம் "இதை யார் செய்வார்கள்?" என்று சிரிக்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களை இந்தச் சுற்றிலிருந்து நீக்கிவிட்டோம். வேறு வழியில்லை.

இனி பூசணி. மாமா, இதை இரண்டு முறை படியுங்கள். அந்த அரிப்பு தொற்றுநோய் இல்லை. தொட்டதால் வருவதும் இல்லை. உங்கள் குடும்பத்துத் தோல் அவளுக்கு வந்திருக்கலாம். மூக்கு வந்தது போல, அது எவருடைய குற்றமும் இல்லை. நவம்பர் 30க்கும் டிசம்பர் 4க்கும் நடுவில் இருப்பது நான்கு நாள், அவ்வளவுதான். குழந்தைக்கு அந்த வயதில்தான் பெரும்பாலும் தொடங்கும். உங்கள் கையில் கசிவோ புண்ணோ இருக்கிற நாளில் மட்டும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மற்ற நாளில் சாதாரணமாகக் கழுவித் துடைத்துவிட்டுத் தூக்கலாம். குழந்தையின் தோலில் குடியேறுகிறவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. தூக்குகிறவர்கள், கொஞ்சுகிறவர்கள் கைகளிலிருந்தும்தான் வருகிறார்கள். நீங்கள் கொஞ்சம் சாதுக்களையும் வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

கன்னத்தை ஒரு தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மகளிடம் நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

ஜூன் 9, திங்கட்கிழமை, காலை 9.00

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு அனைவரும் மிகவும் நலம். உன் கடிதம் மே 26 அன்று கிடைத்தது. நீ சொன்னபடி இரண்டு முறை படித்தேன். பிறகு மூன்றாம் முறை மகளிடம் கொடுத்து, அவள் படிக்கும்போது அருகில் நின்றேன். படித்து முடித்தவள், "இதுக்கா ஆறு மாசம்? உங்களுக்குப் பேத்தியைப் பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா" என்றாள். நான் அஞ்சிய பார்வையை அவள் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிசம்பர் முதல் வீட்டிலும் கையுறை அணிந்திருந்தேன். அதைக் கழற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

நான் தயாராக இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். உன் அத்தை தரவில்லை. மே 27, மாலை 4.10 மணிக்கு, "பிடிங்க, அடுப்புல பால் பொங்குது" என்று குழந்தையை மடியில் போட்டுவிட்டுப் போனாள். செய்தித்தாளை மடிக்கவும் நேரமில்லை. பின்னர் விசாரித்ததில், அன்று அடுப்பில் பாலே இல்லை என்று தெரியவந்தது.

பூசணி கனத்துவிட்டாள். முதலில் என் கண்ணாடியைப் பிடுங்கினாள். பிறகு என் முன்கையில் தடித்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அங்கேயே கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டாள். நான் அசையவில்லை. 4.55க்குக் கால் மரத்துப் போயிற்று. அப்போதும் அசையவில்லை.

தோல் டாக்டர் கன்னத்துக்கு ஒரு களிம்பும், குளிப்பாட்டும் முறையும் சொல்லியிருக்கிறார். திட்டுகள் வெளுத்துக்கொண்டு வருகின்றன. நான் கை கழுவுவது நாளொன்றுக்கு ஐந்து முறை. கார்பாலிக் சோப்பு இவ்வீட்டில் இல்லை. மே மாத இறுதி நிலவரம் இடது 4, வலது 4.

அடுத்த சுற்றில் எனக்கு இடமுண்டா என்று டாக்டரம்மாவிடம் கேள். பால் பாத்திரம் இப்போது உன் அத்தையின் பொறுப்பில், பூட்டிய அலமாரியில் உள்ளது.

சோதனையிலிருந்து நீக்கப்பட்ட போதிலும் குறிப்பேட்டைத் தொடர்கிறேன். ஒரு குறையை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடந்த வாரத்தில் ஒரு மாலை மதிப்பெண் எழுத மறந்துவிட்டேன். பூசணி உறங்கும்வரை தோளில் வைத்திருந்ததால் நினைவில்லாமல் போயிற்று. அக்கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். பின்னர் ஊகித்து நிரப்புவது முறையன்று.

உன் அம்மாவுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா

பி.கு.: கண்ணு, அத்தை. ஒரு மாலையாம்! நம்பாதே. நோட்டை எடுத்துப் பாத்தேன். ஜூன் ஒண்ணாம் தேதியிலேருந்து ஒரு கட்டத்துலயும் ஒண்ணும் இல்லை.